ஊக்கமருந்து: விதி கேட்பது ஒன்று, ஊர் கேட்பது வேறொன்று

2014 நவம்பர். மலேசியாவின் பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாமில் நான் வழக்கமாகப் பசியாறும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்). அன்று காலை மேசைகளில் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாருடைய கண்ணும் தொலைக்காட்சி மேல். டத்தோ லீ சோங் வெய் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிட்டாராம். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, பூப்பந்தில் உலகத் தரவரிசையின் உச்சியில் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் ஆடுகிற நாளில் சீனர் கோப்பிக் கடையும் மலாய்க்காரர் கடையும் நம்ம மாமாக் கடையும் ஒரே நேரத்தில் கத்தும், ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்கும்.

எங்கள் மேசையில் மூத்தவர் லோரி மாமா. முப்பது வருடம் லோரி ஓட்டியதால் வந்த பெயர். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "முட்டி வலிக்கு ஏதோ சாப்பிட்டிருப்பான் தம்பி. அதுக்குப் போயி திருடன்னு சொல்லுவானுங்களா?"

இதே மாமாதான் பென் ஜான்சன் பெயரை எடுத்தால் போதும், "களவாணிப் பய" என்பார். 1988 செப்டம்பர் 24, சியோல் ஒலிம்பிக். கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடி உலகத்தை வாயைப் பிளக்க வைத்தார். மூன்றே நாளில் அவருடைய சிறுநீரில் ஸ்டானசோலோல் என்ற ஸ்டீராய்டு இருப்பது தெரிந்து, பதக்கம் 9.92-ல் ஓடிய கார்ல் லூயிஸிடம் போனது. 26 வருடம் ஆகியும் மாமாவுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. மாமாவைப் போலவே கார்ல் லூயிஸுக்குக் கைதட்டியவர்கள் பலர். அன்று அந்தக் கோட்டில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் ஏதோ ஒரு காலத்தில் ஊக்கமருந்து விவகாரத்தில் மாட்டியவர்கள் என்று சொன்னால், "அது வேற கதை" என்று கோப்பியை உறிஞ்சுவார்.

ஒருவர் களவாணி, ஒருவர் பாவப்பட்ட பிள்ளை. இரண்டு பேரிடமும் எடுத்தது சிறுநீர்தான், இரண்டிலும் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. பிறகு ஏன் இரண்டு தீர்ப்பு? மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் இப்படித்தான். அது ஏன் என்று புரிய, முதலில் இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

குப்பிக்குள் என்ன?

ஊக்கமருந்து என்ற சொல்லே சற்று ஏமாற்றும். தடைப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஊக்கம் தருபவை அல்ல.

ஸ்டீராய்டு தசையை வளர்க்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: உடம்பு சீக்கிரம் தேறிவிடும். இன்று செத்துப் பிழைத்துப் பயிற்சி செய்தவர் நாளைக் காலையும் அதே மாதிரி செய்யலாம். இ.பி.ஓ. என்பது நம் சிறுநீரகமே சுரக்கிற ஒரு ஹார்மோன். அது சிவப்பணுக்களைப் பெருக்கும், சிவப்பணுக்கள் ஆக்ஸிஜனைச் சுமக்கும். அதை ஊசியில் ஏற்றிக்கொண்டால், பினாங்குப் பாலத்தில் கூடுதல் லோரிகளை இறக்கிவிட்ட மாதிரி. சரக்கு வேகமாகப் போய்ச் சேரும். லோரி அளவுக்கு மீறிப்போனால் அந்தப் பாலத்தில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே. இரத்தமும் அப்படித்தான் தடித்து, ஓட்டம் மந்தப்பட்டு, கட்டிப்போகும். சைக்கிள் பந்தயக்காரர்கள் விரும்பிய மருந்து இது.

ஆம்ஃபெட்டமின் போன்றவை களைப்பை மறைக்கும். உடம்பு "போதும்" என்று கத்துவது காதில் விழாது. நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நம் வீட்டுப் பெரியவர்கள் இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடுகிறார்கள். துப்பாக்கி சுடும் போட்டியில் அதற்குத் தடை, ஏனென்றால் கை நடுங்காது. சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை ஒரு துளி பலமும் தராது. ஆனால் வேறு மருந்தின் தடத்தைக் கழுவிவிட உதவும் என்பதால் அதுவும் பட்டியலில்.

ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க மூன்று கேள்விகள். திறனைக் கூட்டுகிறதா? உடம்புக்கு ஆபத்தா? விளையாட்டின் உணர்வுக்கு எதிரானதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் போதும். மூன்றாவது கேள்வியை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். அது மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. அதனால்தான் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. கோப்பியில் இருக்கிற கஃபைன் 2003 வரை குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடை. 2004 ஜனவரி 1 முதல் தடை இல்லை. எங்கள் மேசையில் ஒரு நாளைக்கு நாலு கோப்பி ஓ குடிக்கிற ஆசாமி ஒருவர் உண்டு. இதைக் கேட்டு ரொம்ப நிம்மதி அடைந்தார்.

வாடாவின் கணக்கு

1999-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை உருவானது. தலைமையகம் கனடாவின் மொன்ட்ரியால். சுருக்கப் பெயர் வாடா. தமிழ்க் காதுக்கு யாரோ நம்மைக் கூப்பிடுவது போல இருக்கும், விளையாட்டாளர்களுக்கும் கிட்டத்தட்ட அதே உணர்வுதான்: எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். மலேசியாவில் அதன் வேலையைச் செய்வது அடாமாஸ். பினாங்குக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒன்று, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுக் காலத்தில் நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது, ஒருகாலத்தில் அனைத்துலக அங்கீகாரத்தோடு. குளுகோர் பக்கம் லக்ஸா சாப்பிடப் போனவர்கள் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

வாடாவின் கணக்கில் அடிப்படை ஒன்றே ஒன்று: உன் உடம்பு, உன் பொறுப்பு. உள்ளே போனது எப்படி, யார் கொடுத்தார்கள், தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் பிறகு. குப்பியில் பொருள் இருந்தால் குற்றம் நிலைத்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று விளையாட்டாளரே நிரூபித்தால் தண்டனை குறையலாம், குற்றம் குறையாது. சோதனை நடந்த போட்டியின் முடிவும் போய்விடும்.

கேட்க அநியாயம் போல இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், "எனக்குத் தெரியாது" என்பதை ஏற்றுக்கொண்டால் பிடிபடுகிற அத்தனை பேருக்கும் தெரியாமல்தான் போயிருக்கும். தெரிந்து போட்டவனுக்கும் போடாதவனுக்கும் சிறுநீர் ஒரே நிறம். விதியால் மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது, குப்பிக்குள்தான் பார்க்க முடியும்.

ஊருக்கோ மனசுதான் முக்கியம். மாமாக் கடையில் யாரும் எத்தனை நானோகிராம் என்று கேட்பதில்லை. "வேணும்னே செஞ்சானா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பாசார் மாலாம் மாத்திரையும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

லீ சோங் வெய் விஷயத்துக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகனில் உலகப் பூப்பந்துப் போட்டி. இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளி வாங்கினார். அங்கே எடுத்த மாதிரியில் டெக்ஸாமெத்தாசோன் இருந்தது. இது தசை வளர்க்கிற ஸ்டீராய்டு இல்லை, வீக்கத்தையும் வலியையும் அடக்கும் வேறு வகை ஸ்டீராய்டு. போட்டிக் காலத்தில் மட்டும் தடை. இரண்டாவது குப்பியை நோர்வேயின் ஓஸ்லோவில் சோதித்தார்கள், முடிவு மாறவில்லை. 2015 ஏப்ரலில் அம்ஸ்டர்டாமில் விசாரணை. அவர் சாப்பிட்டுவந்த கோர்டிசெப்ஸ் சத்து மாத்திரையின் கூட்டில் அந்த மருந்து கலந்திருந்தது என்ற விளக்கத்தை நடுவர் குழு ஏற்றது. ஏமாற்றும் எண்ணம் இல்லை, கவனக்குறைவு உண்டு என்றது. எட்டு மாதத் தடை, முன்தேதியிட்டு. 2015 மே 1 அன்று திரும்ப ஆடலாம். வெள்ளிப் பதக்கம் போனது போனதுதான்.

இந்த விளக்கத்தை வெளிநாட்டில் சிலர் நம்பச் சிரமப்பட்டார்கள். நம் ஊரில் அந்தச் சிரமம் இல்லை, ஏனென்றால் அந்த மாத்திரை நம் வீட்டிலும் இருக்கிறது. கோர்டிசெப்ஸாக இல்லாவிட்டால் முட்டி வலிக்கான கறுப்பு உருண்டை, இடுப்பு வலி ஜாமு, தொங்காட் அலி கோப்பி, ஏதோ ஒன்று. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒலிபெருக்கி வைத்து விற்பார்கள். "மூலிகைதான் அண்ணே, கெடுதல் இல்ல" என்பார்கள். சாப்பிட்டால் மூன்றாம் நாளே வலி பறந்துவிடும். பறக்காமல் என்ன செய்யும்? நம் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு இப்படிப்பட்ட பாரம்பரிய மருந்துகளைச் சோதித்து, டெக்ஸாமெத்தாசோன் கலந்திருப்பதாகத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அதே பெயர், அதே மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், வயிற்றுக்குள் புண் வரும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மருத்துவரிடம் சொல்லித்தான் படிப்படியாக விட வேண்டும்.

முறையாகப் பதிந்த மருந்தின் பெட்டியில் MAL என்ற மூன்று எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும், மினுமினுக்கும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் எண்ணின் கடைசியில் T எழுத்து. விளையாட்டுப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோர் இதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: பதிவு எண் இருந்தாலும் அதற்காக வாடா பட்டியலில் இல்லை என்று அர்த்தம் இல்லை. இருமல் மருந்தே மாட்டிவிடும். இந்தியாவின் பிருத்வி ஷா 2019-ல் டெர்புடலின் கலந்த இருமல் மருந்தைக் குடித்துவிட்டு மாட்டினார். அவருக்கும் எட்டு மாதம்.

ஆக, லீ சோங் வெய்க்குக் கிடைத்த பரிவில் ஒரு பாதி பாசம் என்றால் மறுபாதி அடையாளம் கண்டுகொண்டது. "நானும் இதைத்தானே சாப்பிடுகிறேன்" என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், எதிரில் நிற்பவரைத் திருடன் என்று சொல்ல நாக்கு எழாது. சிட்னி ஒலிம்பிக்கில் இதன் உச்சம் நடந்தது. 2000-ஆம் ஆண்டு, ருமேனியாவின் ஆந்திரேயா ரடுகான், வயது 16. சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின். ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2004-ல் அந்த மருந்தே பட்டியலிலிருந்து வெளியே போனது. 2010-ல் மறுபடி உள்ளே வந்தது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை. உலகம் முழுக்க அந்தப் பெண்ணுக்காக வருந்தியது; விதி வருந்தவில்லை, வருந்துவது அதன் வேலையும் இல்லை.

ஆனால் பரிவு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 2017 கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் தங்கம் வென்ற நம் முக்குளிப்பு வீராங்கனை வெண்டி இங் யான் யீயின் மாதிரியில் சிபுட்ராமின் இருந்தது. பசியை அடக்கும் மருந்து, உடல் மெலிய என்று விற்கும் கோப்பிகளில் கள்ளத்தனமாகக் கலந்து பலமுறை பிடிபட்டது. இரண்டு தங்கங்கள் போயின. கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனால் எங்கள் மேசையில் யாரும் அவருக்காக மேசையைத் தட்டவில்லை. முக்குளிப்பை நாங்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் காரணம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நம்மாளு என்றால்

2003 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரியோ ஃபெர்டினண்ட் சோதனைக்கு வராமல் போய்விட்டார். மறந்துவிட்டேன் என்றார். எட்டு மாதத் தடை (இந்த எட்டு என்ற எண் ஏனோ என்னைத் துரத்துகிறது). சோதனைக்கு வராததும் விதிப்படி குற்றம்தான். அன்று எங்கள் கடையில் யுனைடெட் சட்டை போட்டவர்கள் எல்லாரும் "மனுசன் மறக்க மாட்டானா?" என்றார்கள். லிவர்பூல் சட்டைக்காரர்கள் எல்லாரும் வழக்கறிஞர்களாக மாறி விதி பேசினார்கள். ஒரே நாற்காலி, ஒரே தே தாரிக், சட்டை நிறம் மட்டும் வேறு.

நாடு என்று வரும்போது இது இன்னும் முற்றும். சீனாவின் 23 நீச்சல் வீரர்கள் 2021-ல் ஒரு நெஞ்சு மருந்துக்குச் சோதனையில் சிக்கியும் தடை இல்லாமல் போட்டியிட்டது 2024-ல் வெளியானபோது, சமையலறையிலிருந்து கலந்தது என்ற சீனத் தரப்பு விளக்கத்தை அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் டென்னிஸ் வீரர் யானிக் சின்னர், தன் உடற்பிடிப்பாளர் விரலில் தடவிய மருந்து தன் உடம்புக்கு வந்தது என்றார். அதை நம்பியவர்கள் ஏராளம், கடைசியில் மூன்று மாதத் தடையோடு விஷயம் முடிந்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கலப்படக் கதையை யார் சொன்னால் நம்புகிறோம், யார் சொன்னால் சிரிக்கிறோம் என்பதைப் பார்த்தால், ஆள் யார் என்பது பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஷேன் வார்னே ஞாபகம் இருக்கும். 2003 உலகக் கிண்ணத்துக்குப் போன இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை. அம்மா கொடுத்தார், தொலைக்காட்சியில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று சாப்பிட்டேன் என்றார். விசாரணைக் குழு அந்தக் கதையை முழுதாக வாங்கவில்லை, ஒரு வருடம் உட்கார வைத்தது. ரசிகர்களோ அம்மா கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், சிரித்ததும் மன்னித்துவிட்டார்கள். திரும்பி வந்து 2005 ஆஷஸில் 40 விக்கெட் எடுத்தார். யார் இனி மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறார்கள்?

இன்னொரு பக்கம் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். அவருடைய புற்றுநோய் அறக்கட்டளையின் மஞ்சள் ரப்பர் பட்டையை நானும் கட்டிக்கொண்டு திரிந்தேன், பாசார் மாலாமில் வாங்கிய போலி. 2012-ல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்து சைக்கிள் பந்தயத்தில் இ.பி.ஓ. போட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆனால் மக்கள் வெறுப்பு அவர் மேல் குவிந்ததற்குக் காரணம் மருந்தைவிட, உண்மையைச் சொன்னவர்களைப் பொய்யர் என்றதும், அவதூறு வழக்குப் போட்டு ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கியதும்தான். ஊர் கண்ணில் மருந்து போட்டவனைவிட, அதை மறைக்க அடுத்தவன் பிழைப்பில் மண் போட்டவன் பெரிய பாவி. இந்த ஒரு விஷயத்தில் ஊர்த் தீர்ப்பு விதியைவிடக் கூர்மையானது என்று எனக்குத் தோன்றும்.

மக்கள் நேரடியாகவே வாக்குப் போட்ட சம்பவமும் ஒன்று உண்டு. 2007-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் 756-ஆவது ஹோம் ரன் அடித்து பழைய சாதனையை முறியடித்தார். அவரைச் சுற்றி ஊக்கமருந்துச் சந்தேகம் அடர்ந்திருந்த நேரம். அந்தப் பந்தை ஏலத்தில் எடுத்த ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, என்ன செய்யலாம் என்று இணையத்தில் மக்களைக் கேட்டார்: அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, நட்சத்திரக் குறி பொறித்துக் கொடுப்பதா, ராக்கெட்டில் விண்வெளிக்கு அனுப்பிவிடுவதா? கிட்டத்தட்டப் பாதிப் பேர் நட்சத்திரக் குறி என்றார்கள். சாதனை இருக்கட்டும், பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கட்டும் என்று பொருள். மறுக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை.

முன்பெல்லாம் இது தப்பே இல்லை

நம் மனப்பான்மை காலத்தோடும் மாறுகிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு வழியிலேயே ஸ்ட்ரிக்னினும் பிராந்தியும் கொடுத்து ஓட வைத்தார்கள். ஸ்ட்ரிக்னின் என்பது எலி விஷம். கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வந்த நிலையில் எல்லையைத் தொட்டுத் தங்கம் வாங்கினார். யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. 1967-ல் பிரிட்டனின் டாம் சிம்ப்சன் டூர் டி பிரான்ஸில் மோன் வென்டூ மலையேற்றத்தில் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார், உடம்பில் ஆம்ஃபெட்டமின். அதுபோன்ற சாவுகள்தான் மக்களைத் திடுக்கிட வைத்தன. 1968-ல் ஒலிம்பிக்கில் சோதனை தொடங்கியது. முதலில் மாட்டியவர் சுவீடனின் ஹான்ஸ் குன்னார் லில்யன்வால். துப்பாக்கி சுடும் முன் கை நடுங்காமல் இருக்க இரண்டு பீர் குடித்தாராம்.

அதே 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் நம் டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்த மலேசியச் சாதனை 2017 வரை, 49 வருடம் நின்றது. ஓட்டத்தை விட்டபின் அவர் மருத்துவராக ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஊக்கமருந்துத் தடுப்பில் பல ஆண்டுகள் உழைத்தார். எங்கள் திடல்தடப் பயிற்சி ஆசிரியர் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை.

"எல்லாரும் போடறான்"

இது நான் அதிகம் கேட்கும் வாதம், குறிப்பாக ஜிம் பையன்களிடம். உடற்கட்டுப் போட்டிகளில் ஊசி சகஜம் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அங்கே ரசிகருக்கும் அதிர்ச்சி இல்லை. அந்த உடம்பு எப்படி வந்தது என்று தெரிந்தேதான் கைதட்டுகிறார். ஓட்டப் பந்தயத்தில் கோபம் வருகிற அதே ஆள் மேடையில் நிற்கும் தசை மலையைப் பார்த்து வாய்பிளக்கிறார். எங்கே இயல்பான உடம்பு என்று நமக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்களோ, அங்கேதான் ஏமாந்த கோபம் வருகிறது.

எல்லாரும் போடுகிறார்களா? சோதனைகளில் சிக்குவோர் வழக்கமாக நூற்றுக்கு ஒருவர் இருவர்தான். ஆனால் 2011-ல் தேகூவில் நடந்த உலகத் திடல்தடப் போட்டியில், யார் என்ன பதில் சொன்னார் என்று கண்டுபிடிக்கவே முடியாத முறையில் விளையாட்டாளர்களிடம் கேட்டார்கள். அதிலிருந்து கணித்த மதிப்பீடு 43.6 விழுக்காடு. 2018-ல் வெளியான இந்த ஆய்வைப் பற்றி நிபுணர்களிடையே சர்ச்சை உண்டு. இருந்தாலும், ஒன்று இரண்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் ரசிகரின் சந்தேகம் குடியிருக்கிறது. இன்று யார் சாதனை படைத்தாலும் பாராட்டுக்கு முன்பே "என்ன போட்டான்?" என்ற கேள்வி வருவது அதனால். சுத்தமாக ஓடியவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. உசைன் போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 அஞ்சல் ஓட்டத்தில் கூட ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியில் தடைப்பொருள் இருந்தது பிற்பாடு தெரிந்து, 2017-ல் போல்ட்டின் ஒன்பது தங்கம் எட்டானது.

அப்படியானால் அனுமதித்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. மருந்துக்குத் தடையே இல்லாத போட்டியை 2026-ல் லாஸ் வேகாஸில் நடத்துவதாக ஒரு நிறுவனம் 2025-ல் அறிவித்தது. அதற்கு முன்னோட்டமாக கிரிஸ்டியன் கொலோமேயெவ் என்ற கிரேக்க நீச்சல்காரர், தடைசெய்யப்பட்ட வழுக்கு நீச்சலுடையும் போட்டுக்கொண்டு 50 மீட்டரை 20.89 வினாடியில் நீந்தினார். அன்றைய உலகச் சாதனை 20.91. பத்து லட்சம் டாலர் பரிசு. இத்தனை மருந்துக்கும் உடைக்கும் கிடைத்தது 0.02 வினாடி என்று கேட்டதும் லோரி மாமா சிரித்த சிரிப்பில் கடை மேசை ஆடியது.

அனுமதித்தால் பெரியவர்கள் தெரிந்தே போட்டுக்கொள்வார்கள், அவரவர் விருப்பம் என்பார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டம் போட்டு, பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வைட்டமின் என்று சொல்லி ஓரல் டூரினாபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தது. குரல் கட்டை ஆனது, உடம்பு உருமாறியது. 2000-ல்தான் பெர்லின் நீதிமன்றம் அந்தத் திட்டத்தின் பெரிய அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது, சிறைக்கும் அனுப்பவில்லை. வெற்றிக்கு வழி அதுதான் என்று ஆகிவிட்டால், சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி) தேர்வுக்கு நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் யாராவது ஒரு பயிற்றுநர் வைட்டமின் நீட்டுவார். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லுமா?

போன வாரம் இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்ததை மாமாவிடம் படித்துக் காட்டினேன். டெக்ஸாமெத்தாசோன் பகுதி வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். கறுப்பு உருண்டைகள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணும் இல்லை, ஒட்டியும் இல்லை.

"எத்தனை நாளா மாமா?"

"ரெண்டு வருசம் இருக்கும். சுங்கை டூவா பாசார் மாலாம்ல வாங்குறது. நல்லா கேக்குது தம்பி."

திடீரென்று நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் இதைக் காட்டிக் கேட்போம், நாளைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். சரி என்றார். பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "அப்ப என்னைய ஓடச் சொன்னா பதக்கத்தப் புடுங்கிருவானுங்களா?" என்று கேட்டார்.

"புடுங்கிருவாங்க மாமா."

"பாத்தியா," என்றார், "நான் சொல்லல? பையன் மேல தப்பில்ல."